பர்மிங்ஹாமின் ரிக்வுட் மைதானம்: ஒரே புல்தரையில் இரண்டு பாரன்ஸ் அணிகள்

கேள்வி இது: 2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் பெரிய லீக் பேஸ்பால் போட்டி ஒன்றை அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில், மைனர் லீக் அணி ஆடிய நூறாண்டுப் பழைய மைதானத்தில் கொண்டுபோய் நடத்தினார்களே, இரண்டாம் தர ஆட்டம் நடந்த இடத்துக்கு ஏன் அவ்வளவு மரியாதை? அந்த ஊரின் பேஸ்பால் வரலாறுதான் என்ன?

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தவன் நான். அந்த மைதானத்தின் இரும்புத் தூண்களுக்கு இடையே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன் என்பதால் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். கேள்வியில் உள்ள ‘இரண்டாம் தரம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனெனில் பர்மிங்ஹாமின் கதை முழுவதும் யாரைப் பெரியவர் என்றும் யாரைச் சிறியவர் என்றும் யார் தீர்மானித்தார்கள் என்பதைச் சுற்றியே நடக்கிறது.

மைனர் லீக் என்பதை நம் ஊர் நாற்றங்காலோடு ஒப்பிடலாம். இன்று பெரிய லீக்கில் 30 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் நான்கு துணை அணிகள், ஆக மொத்தம் 120 அணிகள் வெவ்வேறு ஊர்களில் ஆடுகின்றன. மேலிருந்து இரண்டாவது படிக்கு டபுள்-ஏ என்று பெயர். பர்மிங்ஹாம் பாரன்ஸ் இப்போது சிகாகோ ஒயிட் சாக்ஸின் டபுள்-ஏ அணியாக இருக்கிறது. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது சிகாகோ. மைதானத்தைப் பராமரிப்பது, டிக்கெட் விற்பது, வெயில் சாய்ந்த பிறகு குடும்பம் குடும்பமாக மக்களை வரவழைப்பது ஆகியவை உள்ளூர் நிர்வாகத்தின் வேலை. நன்றாக வளர்ந்த நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நடுவதுபோல, ஒருவன் கண்ணுக்கு நிறைவாக ஆடத் தொடங்கியதும் அவனை மேலே அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊர் மக்கள் அதற்காக வருந்துவதும் உண்டு, பின்னாளில் தொலைக்காட்சியில் அவனைக் காட்டும்போது இவன் எங்கள் பையன் என்று பெருமைப்படுவதும் உண்டு.

ஆனால் இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது முப்பது ஆண்டுகளில் மைனர் லீக் அணிகள் பெரும்பாலும் தங்கள் காலிலேயே நின்றன. வீரர்களைத் தாங்களே தேடிப் பிடித்து, தேவைப்பட்டால் நல்ல விலைக்கு மேலே விற்றன. அதோடு, 1962இல் ஹூஸ்டனுக்கும் 1966இல் அட்லாண்டாவுக்கும் பெரிய லீக் அணிகள் வரும்வரை ஆழ்தெற்கு மாநிலங்கள் எதிலும் பெரிய லீக் அணியே கிடையாது. ஆகவே அலபாமாவில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் கண்ணுக்கு எட்டிய உயர்ந்த ஆட்டம் பர்மிங்ஹாம் மைதானத்தில் நடந்ததுதான். அவரைப் பொறுத்தவரை அது எதற்கும் இரண்டாம் தரமாக இருந்திருக்க முடியாது.

பர்மிங்ஹாம் பழைய நகரம் இல்லை. தென்மாநிலங்களின் பல நகரங்கள் பருத்தியாலும் துறைமுகத்தாலும் வளர்ந்தவை. இது உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1871இல், இரும்புத் தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் அருகருகே கிடைத்த ஒரே காரணத்தால் வெட்டவெளியில் எழுப்பப்பட்ட ஊர். உலைகள் இரவும் பகலும் எரிந்தன, கிராமங்களிலிருந்து கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கூலிக்கு வந்து குவிந்தார்கள். அந்த ஊரின் பேஸ்பால் அணிக்கு நிலக்கரிப் பிரபுக்கள் என்ற பொருளில் கோல் பாரன்ஸ் என்று பெயர் வந்ததில் வியப்பில்லை. காலப்போக்கில் ‘கோல்’ உதிர்ந்து பாரன்ஸ் மட்டும் நிலைத்தது. அவர்கள் முன்பு ஆடிய மரக்கட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் உலைக் கசடு மலைபோல் குவிந்திருந்தது. காசில்லாதவர்கள் அந்தக் கசடு மேட்டில் ஏறி நின்று இலவசமாக ஆட்டம் பார்த்தார்கள் என்பதால் அதற்குக் கசடுமேட்டு மைதானம் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அணியை வாங்கியவர் ரிக் வுட்வர்ட் என்ற இளைஞர். இரும்பு உலைகளின் சொந்தக்காரக் குடும்பத்தில் பிறந்தவர், குடும்பத் தொழிலைவிடப் பேஸ்பாலில் அதிகம் மனம் வைத்தவர். பெரிய லீக் நகரங்களில் அப்போதுதான் கான்கிரீட்டும் இரும்பும் கொண்டு மைதானங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. பிலடெல்பியா அணியின் புகழ்பெற்ற மேலாளர் கானி மேக்கிடம் ஆலோசனை கேட்டு, அந்தத் தரத்திலேயே தன் ஊருக்கும் ஒன்று வேண்டும் என்று வுட்வர்ட் கட்டிய மைதானம்தான் ரிக்வுட். தன் பெயரின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்து வைத்த பெயர் அது. 1910 ஆகஸ்ட் 18 அன்று திறப்பு விழா. கடைகளும் அலுவலகங்களும் மூடப்பட்டன. 10,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். முதல் பந்தை வுட்வர்ட் தானே வீச, மான்ட்கோமரி அணியை பாரன்ஸ் 3-2 என்று வென்றது. பாஸ்டனின் ஃபென்வே மைதானம் 1912இலும் சிகாகோவின் ரிக்லி மைதானம் 1914இலும் திறக்கப்பட்டவை. அவை இரண்டுக்கும் மூத்ததாக, அமெரிக்காவில் இன்று நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களிலேயே பழமையானதாக ரிக்வுட் விளங்குகிறது.

வெள்ளையர் அணியான பாரன்ஸின் பழைய நாள்களில் ஊர் மறக்காத ஆட்டம் 1931இல் நடந்தது. தெற்குச் சங்கம் என்ற லீக்கின் சாம்பியனும் டெக்சாஸ் லீக்கின் சாம்பியனும் ஆண்டுதோறும் மோதும் டிக்ஸி தொடரில் அந்த ஆண்டு ஹூஸ்டன் அணி பர்மிங்ஹாமுக்கு வந்தது. ஹூஸ்டனின் பிட்சர், அதாவது பந்து வீச்சாளர், டிஸ்ஸி டீனுக்கு வயது 21. அந்தப் பருவத்தில் 26 ஆட்டங்களை வென்றிருந்தார், அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொள்ளவும் தயங்காதவர். பாரன்ஸ் தரப்பில் பந்து வீச வந்தவர் ரே கால்ட்வெல், வயது 43. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளீவ்லாண்டில் பந்து வீசிக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கிக் கீழே விழுந்து, எழுந்து நின்று ஆட்டத்தை முடித்துக் கொடுத்த மனிதர் அவர். 20,000 பேருக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்த அந்தப் பிற்பகலில் கிழவர் 1-0 என்று இளைஞரை வென்றார். தொடரையும் பாரன்ஸ் 4-3 என்று கைப்பற்றியது. பர்மிங்ஹாமில் முதியவர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது டீனின் பெயரைவிடக் கால்ட்வெல்லின் வயதைத்தான் அழுத்திச் சொல்வார்கள்.

இதுவரை சொன்னது கதையின் ஒரு பாதி. வெள்ளையர் அணி வெளியூர் செல்லும் வாரங்களில் ரிக்வுட் சும்மா கிடக்கவில்லை. அதே மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது பர்மிங்ஹாம் பிளாக் பாரன்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணி. 1920இல் உருவான இந்த அணியின் வேர்கள் இரும்பாலைகளிலும் சுரங்கங்களிலும் இருந்தன. அங்கிருந்த கம்பெனிகள் ஒவ்வொன்றும் தொழிலாளர்களுக்குள் பேஸ்பால் அணிகளை, வெள்ளையருக்குத் தனியாகவும் கறுப்பினத்தவருக்குத் தனியாகவும், நடத்திவந்தன. வார்ப்பிரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலையின் கறுப்பின அணி அவற்றில் மிகப் பெயர் பெற்றது. ஒருவன் நன்றாக ஆடினால் ஆலையில் அவனுக்கு வேலை நிச்சயம். நன்றாக வேலை செய்தால் மாலையில் ஆட இடம் கிடைக்கும். சம்பளமும் ஆட்டமும் இப்படிப் பின்னிக்கிடந்ததால்தான் பர்மிங்ஹாமைச் சுற்றியிருந்த ஆலைக் குடியிருப்புகள் தலைமுறை தலைமுறையாக வீரர்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. 1920களின் பிற்பகுதியில் சாட்செல் பெய்ஜ் என்ற நெடிய, ஒல்லியான பிட்சர் பெயரெடுக்கத் தொடங்கியதும் பிளாக் பாரன்ஸ் சீருடையில்தான்.

இருக்கைகளின் ஏற்பாட்டைச் சொல்லாமல் இந்த மைதானத்தைப் புரிந்துகொள்ள முடியாது. வெள்ளையர் அணி ஆடும் நாளில் கறுப்பின ரசிகர்கள் வலப்புற எல்லையோரம் இருந்த கூரையில்லாத பலகைப் படிகளில்தான் உட்கார வேண்டும். பிளாக் பாரன்ஸ் ஆடும் நாளில் கூரை போட்ட முக்கிய இருக்கைகள் அவர்களுக்குத் திறக்கும். அன்று பார்க்க வரும் வெள்ளையர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்தில் வழிபாடு முடிந்து, உடுத்திய நல்ல உடையோடும் தொப்பியோடும் அப்படியே குடும்பமாக ரிக்வுட்டுக்கு வந்துவிடுவது கறுப்பின மக்களின் வழக்கம். ஊரில் எந்தப் பொது இடத்தில் நுழைந்தாலும் ஒதுக்கப்பட்டவர்கள், மாதத்தில் சில பிற்பகல்கள் மட்டும் அந்தக் கட்டடத்தின் நடுவில், கூரை நிழலில் உட்கார்ந்தார்கள். வலப்புறக் கோடியில் நானே ஒருமுறை போய் நின்று பார்த்தேன். அங்கிருந்து பிட்சர் நிற்கும் மேடு ஒரு கைக்குட்டை அளவுக்குத்தான் தெரிகிறது, பிற்பகல் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. அந்தத் தொலைவிலிருந்து ஆட்டத்தைப் பார்த்து, மறுவாரம் நடுவில் உட்கார்ந்து தம் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இரண்டு அணிகளில் எது தரமானது என்ற ஐயம் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த வரலாற்றில் ஓர் ஆண்டை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 1948 என்பேன்.

அந்த ஆண்டு பிளாக் பாரன்ஸின் வீரராகவும் மேலாளராகவும் இருந்தவர் லொரென்சோ டேவிஸ். பைப்பர் என்ற சுரங்கக் குடியிருப்பில் பிறந்ததால் பைப்பர் டேவிஸ் என்றே எல்லோரும் அழைத்தார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். முன்பு குழாய்த் தொழிற்சாலை அணியில் ஆடியவர். ஆலை அணிகளில் அவரோடு பழகிய ஆட்டக்காரர்களில் ஒருவர், கால் வேகத்துக்காக ‘பூனை’ என்று பெயர் வாங்கிய மேஸ். பூனை மேஸின் மகன் வில்லி, பர்மிங்ஹாமுக்கு அருகில் வெஸ்ட்ஃபீல்டில் 1931 மே 6 அன்று பிறந்தவன், ஃபேர்ஃபீல்ட் தொழிற்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். பையன் காசுக்கு ஆடுவதைக் கண்ட டேவிஸ், அப்பா சம்மதித்தால் எங்கள் அணிக்கு வா என்றார். அப்பா சம்மதித்தார், பள்ளிக்கூடம் நடக்கும் நாள்களில் வெளியூர்ப் பயணம் கூடாது என்ற ஏற்பாட்டில் 17 வயது வில்லி மேஸ் நடு எல்லையில் நின்றான். பின்னாளில் பேஸ்பால் ஆடியவர்களிலேயே எல்லாத் திறமையும் ஒருங்கே பெற்றவர் என்று பலர் ஒப்புக்கொள்ளும் மனிதர், பள்ளிப் பிள்ளையாக ரிக்வுட்டின் புல்லில் ஓடிக் கற்றது இப்படித்தான். வளைந்து வரும் பந்தை அடிக்கவும், தலைக்கு வீசப்பட்ட பந்துக்கு அஞ்சாமல் எழுந்து நிற்கவும் கற்றுக்கொடுத்தவர் பைப்பர் டேவிஸ் என்று மேஸ் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு சொல்லிவந்தார்.

அந்தப் பருவத்தில் பிளாக் பாரன்ஸ், கான்சஸ் சிட்டி மானார்க்ஸை வென்று, கறுப்பினத்தவர் அணிகள் மட்டும் ஆடிய நீக்ரோ லீக்குகளில் ஒன்றான நீக்ரோ அமெரிக்க லீக்கின் பட்டத்தைப் பெற்றது. 1943, 1944க்குப் பின் அது அவர்களுக்கு மூன்றாம் பட்டம். இறுதித் தொடரில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியிடம் 4-1 என்று தோற்றார்கள். கிடைத்த ஒரே வெற்றி ரிக்வுட்டில் நடந்த மூன்றாம் ஆட்டத்தில் வந்தது. அன்று பந்து வீசி வென்றவர் பில் கிரீசன், இவோ ஜிமா போர்க்களத்திலிருந்து உயிரோடு திரும்பிய கடற்படைக் காலாட்படை வீரர். ஒன்பதாம் இன்னிங்ஸில் வெற்றி ரன்னை உள்ளே கொண்டுவந்த அடி மேஸுடையது. நீக்ரோ லீக்குகளின் உலகத் தொடர் அதன் பிறகு நடக்கவேயில்லை. முந்தைய ஆண்டு கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் புரூக்ளினின் பெரிய லீக் அணியில் ஆடத் தொடங்கியதிலிருந்து பெரிய லீக் அணிகள் கறுப்பின வீரர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டன. ரசிகர்களின் கண்ணும் காசும் அவர்கள் பின்னாலேயே போயின.

இப்போது மற்ற அணியைப் பாருங்கள். அதே 1948இல், அதே மைதானத்தில், வெள்ளையர் பாரன்ஸும் உச்சத்தில் இருந்தது. அவர்களும் தங்கள் லீக்கை வென்று, டிக்ஸி தொடரில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தைத் தோற்கடித்தார்கள். அந்த அணியின் வால்ட் ட்ரோப்போ என்ற உயரமான ஆட்டக்காரர் அடித்த ஒரு ஹோம் ரன் (எல்லைக்கு அப்பால் போகும் அடி) மைதானத்தின் பழைய கான்கிரீட் சுவரில் போய் மோதிய இடத்தை இன்றும் பெருக்கல் குறியிட்டுக் காட்டுகிறார்கள். வார இடைவெளியில் ஒரே புல்தரையையும் ஒரே மேட்டையும் பயன்படுத்திய இரண்டு சிறந்த அணிகள் ஒருமுறைகூட எதிரெதிரே நிற்கவில்லை. நின்றிருந்தால் யார் வென்றிருப்பார்கள் என்று அந்த ஊரில் பேஸ்பால் பேசும் எவரும் ஒரு கட்டத்தில் கேட்டுவிடுவார்கள். கேள்விக்கு விடை கிடைக்காதபடி பார்த்துக்கொண்டது நகரத்தின் சட்டம்.

இன்னொரு செய்தியும் மனத்தை உறுத்துவது. அந்த ஆண்டுகளில் வெள்ளையர் பாரன்ஸின் தாய் அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ். பிளாக் பாரன்ஸின் ஆட்டத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு மற்ற எவரையும்விட அவர்களுக்கே அதிகம் இருந்தது. ஆளனுப்பி மேஸைப் பார்க்கவும் செய்தார்கள், ஒப்பந்தம் போடவில்லை. பதிலாக 1950இல், இளமை கடந்துவிட்ட பைப்பர் டேவிஸைத் தங்கள் முதல் கறுப்பின வீரராக ஒப்பந்தம் செய்து ஸ்க்ரான்டன் நகரத் துணை அணிக்கு அனுப்பி, அவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதே மே மாதத்தில் விலக்கிவிட்டார்கள். அதே 1950இல் மேஸ் பள்ளிப்படிப்பை முடித்தவுடன் நியூயார்க் ஜயண்ட்ஸ் அவரை அழைத்துக்கொண்டது. பாஸ்டனின் பெரிய அணியில் ஒரு கறுப்பின வீரர் ஆட 1959 வரை ஆயிற்று. எல்லா அணிகளிலும் கடைசி அவர்களே.

நகரச் சட்டம் என்றேன். அதைக் காவல் காத்தவரும் இந்த மைதானத்தோடு தொடர்புடையவர்தான். 1930களின் தொடக்கத்தில் பாரன்ஸின் வெளியூர் ஆட்டங்களைத் தந்திச் செய்திகளைக் கையில் வைத்துக்கொண்டே, கண்முன் நடப்பதுபோல் வானொலியில் வருணித்துப் புகழ்பெற்றவர் யூஜின் ‘புல்’ கானர். வீட்டுக்கு வீடு அறிமுகமான அந்தக் குரலின் பலத்தில் 1934இல் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார், 1937இல் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் தன் கையில் இருக்கும் நகர ஆணையர் ஆனார். 1963இல் உரிமை கேட்டு ஊர்வலம் வந்த பிள்ளைகள் மீது நாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் ஏவிய அதே கானர்தான் அவர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டோ தாயமோ டாமினோவோ ஆடுவதைக் குற்றமாக்கிய பர்மிங்ஹாமின் சட்டத்தில் 1950இல் பேஸ்பாலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. கானர் பதவியில் இல்லாத 1954இல் நகர நிர்வாகம் தொழில்முறை ஆட்டங்களுக்கு மட்டும் அதைத் தளர்த்தியபோது, ஜூன் மாதம் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்துத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஓர் ஆணையரின் பிடிவாதம் என்று மட்டும் இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. வாக்காளர்களின் கையும் அதில் இருந்தது.

அதன் விலையை லீக்கே கொடுத்தது. தெற்குச் சங்கத்தின் அறுபதாண்டு வரலாற்றில் களமிறங்கிய கறுப்பின வீரர் நாட் பீபிள்ஸ் ஒருவர்தான். 1954இல் அட்லாண்டா அணிக்காக இரண்டே ஆட்டங்கள், பிறகு வேறு லீக்குக்கு அனுப்பப்பட்டார். பெரிய அணிகள் தங்கள் கறுப்பின இளைஞர்களை அனுப்ப முடியாத லீக்கில் மற்ற இளைஞர்களையும் நிறுத்திவைக்க விரும்பவில்லை. தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் மைனர் லீக் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் வேறு. 1961 பருவத்தோடு தெற்குச் சங்கம் இழுத்து மூடப்பட்டது. பிளாக் பாரன்ஸும் அதற்குள் மறைந்துவிட்டது. இரண்டு அணிகளைத் தாங்கிய மைதானத்தில் 1962, 1963 ஆகிய இரண்டு கோடைகளிலும் தொழில்முறை ஆட்டமே இல்லை. கலந்து ஆடுவதைவிட ஆடாமலே இருப்பது மேல் என்று ஒரு நகரம் முடிவெடுத்தது என்றே இதைப் படிக்கிறேன்.

1963 ஜூலையில் புதிய நகரமன்றம் பிரிவினைச் சட்டங்களை நீக்கியது. செப்டம்பரில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெடித்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. அதற்கு ஏழு மாதம் கழித்து, 1964 ஏப்ரலில், பர்மிங்ஹாமின் முதல் கலப்பு அணி ரிக்வுட்டில் களமிறங்கியது. கான்சஸ் சிட்டி அத்லெடிக்ஸின் உரிமையாளர் சார்லி ஃபின்லி பர்மிங்ஹாம்காரர், சிறுவனாக பாரன்ஸ் வீரர்களுக்கு மட்டை எடுத்துக் கொடுத்தவர். அவர்தான் தன் டபுள்-ஏ வீரர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார். மேலாளர் ஹேவுட் சல்லிவன் அலபாமாவில் வளர்ந்த வெள்ளையர். அணியில் ‘புளூ மூன்’ ஓடம், டாமி ரெனால்ட்ஸ், கியூபாவிலிருந்து வந்த பெர்ட் காம்பனெரிஸ் ஆகியோர் இருந்தார்கள். ஜூலை மாதம் காம்பனெரிஸை மேலே அழைத்தார்கள்; பெரிய லீக்கில் தனக்கு வீசப்பட்ட முதல் பந்தையே அவர் ஹோம் ரன்னாக அடித்தார். பட்டம் கைநழுவினாலும், கறுப்பின, வெள்ளை ரசிகர்கள் கயிறோ தடுப்போ இல்லாமல் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே அணிக்காகக் கை தட்டிய முதல் பருவம் அது.

சட்டம் மாறியதும் ஊர் மாறிவிடவில்லை. 1967இல் இங்கே ஆடிய கறுப்பின வீரர் ரெஜி ஜாக்சன், பல ஆண்டுகள் கழித்து 2024இல் அதே மைதானத்தில் நின்று தொலைக்காட்சி நேரலையில் அதைப் பேசினார்: சாப்பாட்டுக் கடைகளில் நுழைய விடாதது, விடுதியில் அறை தராதது, சக வீரர் ஜோ ரூடியின் வீட்டுச் சோபாவில் இரவுகளைக் கழித்தது, அந்தக் குடியிருப்பையே கொளுத்திவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. மேலாளர் ஜான் மெக்நமாராவும் ரூடி, டங்கன், ஃபிங்கர்ஸ் போன்ற சக வீரர்களும் உடன் நிற்காவிட்டால் தான் அங்கே தாக்குப்பிடித்திருக்க மாட்டேன் என்றார். அந்த அணி அந்த ஆண்டு லீக் பட்டத்தை வென்றது என்பதை மட்டும் ஏடுகளில் படித்திருந்த எனக்கு, பட்டத்தின் பின்னால் ஓர் இருபத்தொரு வயது இளைஞன் இரவில் படுக்க இடம் தேடிய கதை இருந்தது என்பது அன்றுதான் உறைத்தது.

அடுத்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1975க்குப் பின் அணி இல்லாமல் கிடந்த ஊருக்கு 1981இல் மான்ட்கோமரியிலிருந்து அணி இடம்பெயர்ந்து வந்தது, பாரன்ஸ் என்ற பழைய பெயரும் திரும்பியது. 1988இல் அவர்கள் ரிக்வுட்டை விட்டு, புறநகரான ஹூவரில் கட்டப்பட்ட புதிய மைதானத்துக்குப் போனார்கள். வசதியான வெள்ளைக் குடும்பங்கள் நகரத்தை விட்டு வெளியேறிக் குடியேறிய திசையிலேயே அணியும் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். 1994இல் அந்த ஹூவர் மைதானத்தை உலகமே திரும்பிப் பார்த்தது, கூடைப்பந்தை விட்டுவிட்டு வந்த மைக்கேல் ஜோர்டன் பாரன்ஸ் சீருடையில் வெளி எல்லையில் நின்றதால். 127 ஆட்டங்களில் 436 முறை மட்டை பிடித்து 88 முறை சரியாக அடித்தார், 3 ஹோம் ரன்கள், 30 முறை தளம் திருடினார் (பந்து வீசப்படும் இடைவெளியில் அடுத்த தளத்துக்கு ஓடிச் சேர்வதை அப்படிச் சொல்வார்கள்). எண்கள் சிறியவை என்று பலரும் பேசினார்கள். பதினேழு வயதுக்குப் பிறகு மட்டையையே தொடாத ஒருவர் 31 வயதில் டபுள்-ஏ பந்துவீச்சை எதிர்கொள்வது எவ்வளவு கடினம் என்று அறிந்த அவருடைய மேலாளர் டெர்ரி ஃபிராங்கோனா, அந்த உழைப்பை மதித்தே பேசிவந்தார். அந்தப் பருவத்தில் 4,67,000க்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள்.

2013இல் அணி மீண்டும் நகரத்தின் நடுவுக்கே வந்து ரீஜியன்ஸ் ஃபீல்ட் என்ற புதிய மைதானத்தில் குடியேறி, வந்த ஆண்டே பட்டமும் வென்றது. அதன் பக்கத்திலேயே 2015இல் நீக்ரோ தெற்கு லீக் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ரிக்வுட் இடிபடாமல் நிற்பதற்குக் காரணம், 1992இல் ஒன்றுகூடிய ‘ரிக்வுட் நண்பர்கள்’ என்ற உள்ளூர் ஆர்வலர் குழு. கூரையைச் சீர்செய்தார்கள், கையால் எண் மாட்டும் பழைய பாணி ஸ்கோர் பலகையை எழுப்பினார்கள், 1996 முதல் பாரன்ஸ் அணியை ஆண்டுக்கு ஓர் ஆட்டத்துக்குப் பழைய காலச் சீருடையில் அங்கே வரவழைத்தார்கள். நான் பார்த்தது அப்படியொரு பிற்பகல் ஆட்டம்தான். கூரையைத் தாங்கும் தூண் ஒன்று முதல் தளத்தைச் சரியாக மறைத்தது; ஒவ்வொரு பந்துக்கும் நானும் பக்கத்திலிருந்த முதியவரும் ஒருவர் மாற்றி ஒருவர் சாய்ந்து பார்த்தோம். 1936இல் நிறுத்திய விளக்குக் கோபுரங்கள் கூரைக்கு மேலே களத்தை நோக்கிக் குனிந்து நிற்பதை அவர்தான் எனக்குக் காட்டினார்.

இப்போது உங்கள் கேள்வியின் 2024க்கு வருகிறேன். 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக்குகள் பெரிய லீக்குகளே என்று 2020 டிசம்பரில் பேஸ்பால் நிர்வாகம் அறிவித்தது. 2024 மே மாதம் அந்த வீரர்களின் எண்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஆகவே, ரிக்வுட் மைனர் லீக் மைதானம் என்று நீங்கள் படித்தது பாதி உண்மை. வெள்ளையர் அணி அங்கே ஆடியது மைனர் லீக், அவர்கள் ஊரில் இல்லாத வாரங்களில் அதே புல்லில் நடந்தது பெரிய லீக். ஜூன் 20 அன்று மேஸின் பழைய அணியான, நியூயார்க்கிலிருந்து இடம்பெயர்ந்த சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸும் அங்கே ஆடுவது என்று தீர்மானித்ததும், மேஸுக்கும் நீக்ரோ லீக்குகளுக்கும் அஞ்சலியாக அதை அமைத்ததும் இந்தக் காரணத்தால்தான். இரண்டு நாள் முன்னதாக, ஜூன் 18 மாலை, பாரன்ஸும் மான்ட்கோமரியும் 1910இன் முதல் ஆட்டத்தைப் போலவே அங்கே மோதிக்கொண்டிருந்தபோது, 93 வயது வில்லி மேஸ் காலமானார் என்ற செய்தி ஒலிபெருக்கியில் வந்தது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. ஜூன் 20 அன்று சம்பிரதாயமான முதல் பந்தை வீச வந்தவர் 99 வயது பில் கிரீசன், ஆட்டத்தை விட்ட பிறகு பல்லாண்டுகள் பர்மிங்ஹாமிலேயே போதகராக இருந்தவர். நடுவர்கள் அனைவரும் கறுப்பினத்தவராக அமைந்தது பெரிய லீக் வரலாற்றிலேயே முதல் முறை. கார்டினல்ஸ் 6-5 என்று வென்றது.

பதிவேட்டில் மேஸ் வாழ்நாளில் சரியாக அடித்த அடிகளின் கணக்கு 3,283 என்பதிலிருந்து 3,293 ஆகியிருக்கிறது. கூடிய 10 அடிகளும் 1948இல், அந்தப் பள்ளிப் பையன் பிளாக் பாரன்ஸ் சீருடையில் அடித்தவை. கிரீசனுக்காக ஒன்பதாம் இன்னிங்ஸில் அடித்த அந்த அடி இறுதித் தொடரைச் சேர்ந்தது என்பதால் இந்தக் கணக்கில் வராது.